நோயுற்ற இளையோரும் எழுதட்டும்

'லாங் கோவிட்' என்னும் பெயரை 2020இல் பரப்பியவர்கள் நோயாளிகளே. உலக சுகாதார நிறுவனம் பொது வரையறையை 2021 அக்டோபரிலும், சிறாருக்கான வரையறையை 2023 பிப்ரவரியிலும்தான் வெளியிட்டது.

இந்தியாவில் பல வீடுகளிலும் பள்ளிகளிலும் இளையோரின் நீங்காச் சோர்வு சோம்பலாகவே கருதப்படுகிறது. "உடற்பயிற்சி செய்தால் சரியாகிவிடும்" என்ற அறிவுரை, சிறு உழைப்புக்குப் பின்னும் நோய்க்குறிகள் கடுமையாகும் ஒருவரை மீண்டும் படுக்கையில் தள்ளக்கூடும். ஒரு பத்தியைப் படிப்பதற்குள் கவனம் சிதறுபவரிடம் பத்துப் பக்கக் கையேட்டை நீட்டுவதாலும் பயனில்லை. சிறிய வாக்கியங்களும் தாய்மொழி ஒலிப்பதிவும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை நன்கு அறிந்தவர்கள் அவர்களே.

ஆகவே, கையேடு அச்சான பின்பு கருத்துக் கேட்பது போதாது. முதல் வரியிலிருந்தே அவர்கள் உடனெழுத வேண்டும். அவர்களது ஆற்றலுக்கேற்பக் கூட்டங்கள் குறுகியவையாக இருக்க வேண்டும். உழைப்புக்கு ஊதியமும் அளிக்கப்பட வேண்டும்.