வலி இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கோபமும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு வருடம் முன்பு கீழ்க் கடைவாயில் ஒரு இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டேன். எந்த கிளினிக் என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். "டைட்டானியம் சார், சொத்தையே ஆகாது, லைஃப்டைம் கேரண்டி" என்று ஒரு கார்டு கொடுத்தார்கள். அதில் ஸ்க்ரூ செய்த கம்பெனி பெயர் இருந்தது. என் ஈறைப் பற்றி ஒரு வரி இல்லை.

போன மாதம் பல் துலக்கும்போது ரத்தம். வலி துளியும் இல்லை. வேறொரு டாக்டரிடம் போனேன். அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறின் ஓரமாக விட்டு, சுற்றி ஆறு இடத்தில் அளந்தார். ஒரு பக்கம் 6 மில்லிமீட்டர். "பல் மாட்டினப்போ எவ்வளவு சார் இருந்துச்சு? அப்போ எடுத்த எக்ஸ்ரே இருக்கா?" என்றார். எதுவும் இல்லை. யாரும் அளக்கவே இல்லையே!

34 வருடம் மார்க் ரெஜிஸ்டர் எழுதியவன் நான். காலாண்டு மார்க் இல்லாமல் அரையாண்டில் பையன் ஏறினானா இறங்கினானா என்று எப்படிச் சொல்வது?

ஸ்வீடனில் பிரானெமார்க் என்பவர் 1965-ல் முதல் நோயாளிக்கு வைத்த இம்ப்ளாண்ட், அவர் சாகும் வரை 40 வருடத்துக்கு மேல் நின்றது. உண்மைதான். உலோகம் நிற்கும், ஈறும் எலும்பும் நிற்க வேண்டாமா? சொந்தப் பல்லில் ஈறின் நார்கள் வேரோடு குறுக்கே பின்னிப் பிடித்திருக்கும். இம்ப்ளாண்டில் அந்தப் பிடி கிடையாது, நார்கள் பக்கவாட்டில் ஒட்டி ஓடுகின்றன. அதனால் அழற்சி சீக்கிரம் எலும்புக்கு இறங்கிவிடும். ஈறோடு நிற்கும்போதே பிடித்தால் சுத்தம் செய்து சரியாக்கலாம். எலும்பு கரைந்தால் போனதை முழுசாகத் திரும்பப் பெறுவது கஷ்டம். முன்பே ஈறு நோய் இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

"கம்பி விட்டால் இம்ப்ளாண்ட் கெட்டுவிடும்" என்று சிலர் சாக்கு சொல்கிறார்கள். அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவ அமைப்புகள் 2017-ல் கூடி, மென்மையாக அளப்பது பாதுகாப்பானது, அவசியமும்கூட என்று சொல்லிவிட்டன. பல் மாட்டியதும் ஒரு அளவும் எக்ஸ்ரேயும் எடுத்து வைக்க வேண்டும் என்பதும் அங்கே சொன்னதுதான். "நோயாளிகள்தான் திரும்பி வருவதில்லை" என்பது இன்னொரு சாக்கு. பாதி உண்மை, நானே சாட்சி. ஆனால் லைஃப்டைம் என்று சொல்லி அனுப்பினால் எவன் வருவான்?

பிரான்ஸ் உறவுகளே, உங்களுக்கும்தான். அங்கே செலவு அதிகம் என்று லீவில் புதுச்சேரி வந்து இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டு, கையில் ஒரு காகிதம் இல்லாமல் விமானம் ஏறுகிறீர்கள். அங்குள்ள டாக்டர் எதோடு ஒப்பிடுவார்? அந்த ஆறு எண்ணையும் எக்ஸ்ரே நகலையும் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வாங்கினாலும் போதும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது காட்டுங்கள். ரத்தம் வந்தால் அன்றைக்கே போங்கள்.

உங்களில் சிலர் கோரிமேட்டில் படித்துப் பல் டாக்டராக இருக்கிறீர்கள். கண்ணுகளா, ஆறு எண் எழுதிக் கொடுக்க எத்தனை நிமிஷம் ஆகும்? பதில் போடுங்கள், காத்திருக்கிறேன்.

எனக்கு அடுத்த பரிசோதனை செவ்வாய்க்கிழமை. இந்தத் தடவை நோட்டு கொண்டு போகிறேன்.