கொழும்புக்குப் போகிறவர்கள் கவனத்திற்கு

நாங்கள் ஆறு பேர் கொழும்பு போய்த் திரும்பியதிலிருந்து கடைக்கு வருகிற அங்கத்தினர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன வாங்கலாம்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி முடியாததால் நமது பத்திரிகையிலேயே எழுதிவிடுகிறோம். எழுதுவதில் ஒரு விஷயம் சிலருக்குக் கசக்கும். அதைக் கடைசியில் வைத்திருக்கிறோம்.

மாரியூர்க் கடற்கரையில் நின்று பார்த்தால் நமக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம். நம் பெரியவர்கள் அதை அப்படித்தான் நினைத்தார்கள். 1914ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்புக் கோட்டைக்குப் போய்விடலாம். ராமேஸ்வரம் ரயிலை இன்றும் ‘போட் மெயில்’ என்று சொல்வது அந்தக் கப்பலை வைத்துத்தான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. அதற்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980களில் அங்கே சண்டை மூண்டதும் அதுவும் நின்றது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதுப் பாலமே திறந்தாகிவிட்டது. கப்பல் மட்டும் இன்னும் வரவில்லை. தலைமன்னாருக்கு இருக்கிற முப்பது கிலோமீட்டர் சொச்சம் கடலைத் தாண்ட, நாம் வடக்கே நாகப்பட்டினத்துக்கோ மேற்கே மதுரைக்கோ போக வேண்டியிருக்கிறது.

நாங்கள் மதுரையில் விமானம் ஏறினோம். பறப்பது ஒரு மணி நேரம்தான். சாயல்குடியிலிருந்து மதுரை போய்ச் சேரத்தான் அதைவிட நேரமானது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் அதை நம்பி மூட்டை கட்ட வேண்டாம். கப்பலில் போகிறவர்கள் யாழ்ப்பாணம் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு ரயிலில் போகலாம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் அந்த நாட்டு ரயில் பாதைகள் பெரிய சேதம் கண்டன. ஆகவே எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். நுழைவு அனுமதிக்கு அவர்கள் அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால் தரகர் சொல்லும் தொகையை அப்படியே நம்ப வேண்டாம். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கும் வியாபாரம் பேசப் போகிறவருக்கும் அனுமதி வேறு வேறு என்பதும் நினைவிருக்கட்டும்.

கொழும்பு அந்த நாட்டின் தலைநகரா என்று எங்களுக்குள் ஒரு பந்தயம் நடந்தது. ஏட்டளவில் தலைநகர் பக்கத்திலிருக்கும் ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டே. நாடாளுமன்றம் 1982 முதல் அங்கேதான் கூடுகிறது. வியாபாரிக்குத் தலைநகர் கொழும்புதான். அதிலும் புறக்கோட்டைதான்.

கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடந்தே புறக்கோட்டைக்குப் போய்விடலாம். பிரதான வீதியும் குறுக்குத் தெருக்களும் சேர்ந்ததுதான் கடைவீதி. நாலாம் குறுக்குத் தெருவில் கால் வைத்ததுமே நமக்குச் சொந்த ஊர் வாசனை அடித்தது. வற்றல், வெங்காயம், பருப்பு, கருவாடு. மூட்டை தூக்குகிறவரை அங்கே ‘நாட்டாமி’ என்கிறார்கள். சிங்களவர்கள் கடைக்காரரைக் கூப்பிடுகிற வார்த்தை என்ன தெரியுமா? ‘முதலாளி’! கடைக்கு அவர்கள் சொல் ‘கடே’. இரண்டும் நம்மிடமிருந்து போனவை. இன்னொரு தேசத்தின் பேச்சிலேயே கடையும் முதலாளியுமாக நம் முன்னோர் இருக்கிறார்கள் என்றால், அவர்கள் அங்கே எத்தனை காலம் எப்படி நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

செட்டியார் தெருவில் நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும் இருக்கின்றன. ஆடி வேல் விழாவுக்கு அங்கிருந்துதான் தேர் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிற பள்ளிவாசல், 1908ல் கட்டத் தொடங்கியது, அவசியம் பார்க்க வேண்டியது. காய்கறி மொத்தச் சந்தையைப் பார்க்க நினைப்பவர்கள் புறக்கோட்டையில் தேட வேண்டாம். 2020ல் அது பேலியகொடைக்கு மாறிவிட்டது. நல்ல தோசை வேண்டுமென்றால் வெள்ளவத்தைக்குப் போங்கள்.

நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைக்கிறது. ஆகவே விலைச் சீட்டைப் பார்த்துத் திடுக்கிடவும் வேண்டாம், பையில் நோட்டு நிறைந்திருப்பதைப் பார்த்துக் கை தாராளமாகவும் வேண்டாம். நம் யுபிஐ 2024 பிப்ரவரி முதல் அங்கே செல்லும் என்றாலும் எல்லாக் கடையிலும் இல்லை. மாதாமாதம் பௌர்ணமி அன்று ‘போயா’ விடுமுறை. மதுவும் இறைச்சியும் விற்க மாட்டார்கள். ஏப்ரல் மத்தியில் புத்தாண்டுக்குப் பல நாள் கடைவீதியே அடைத்துக் கிடக்கும். நம்மில் ஒருவர் முன்பு சித்திரை முதல் வாரம் போய், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பயணச்சீட்டு எடுங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது. வேடிக்கைக்குச் செய்தாலும் வழக்காகிவிடும்.

கடையில் உட்கார்ந்து அரசியல் பேசாதீர்கள். 1983 ஜூலையில் அந்தத் தெருக்களில்தான் தமிழர் கடைகள் எரிந்தன. அதற்குப் பிறகும் அதே இடத்தில் கடையைத் திறந்தவர்கள் இருக்கிறார்கள். நாம் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்துவிடுவோம். பேசியதன் பலனை அனுபவிக்கப் போகிறவர்கள் அவர்கள். யாழ்ப்பாணத்தில் இறங்கினால் இழுவைப்படகுப் பேச்சு வரும். நம் மீனவர் சிறையில் இருக்கும் வருத்தம் நமக்கு இருப்பதுபோல, வலை அறுந்த வருத்தம் அவர்களுக்கும் இருக்கிறது. அவர்களும் தமிழ் பேசுகிற மீனவர்கள்தான். பதில் சொல்லாவிட்டாலும் காது கொடுத்துக் கேளுங்கள்.

இனிக் கசப்பான விஷயம். எங்களில் ஒருவரிடம், புறப்படுவதற்கு முதல் நாள், தெரிந்தவர் ஒருவர் வந்து, “அண்ணாச்சி, ஒரு சின்னப் பார்சல், அங்க ஆள் வந்து வாங்கிக்கிடுவாரு. டிக்கெட் செலவு நம்ம பொறுப்பு” என்றார். திரும்பும்போதும் அங்கே ஒருவர் இதே பேச்சை எடுத்தார். இரண்டு முறையும் முடியாது என்றோம். முடியாது என்று சொல்லத் தெரியாத நம் பகுதிப் பையன் ஒருவன், இருபத்திரண்டு வயது, இப்போது வழக்குக்கு நடந்துகொண்டிருக்கிறான். பார்சல் கொடுத்தவரை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அவன் அப்பா கடையை ஒத்திக்கு வைத்திருக்கிறார்.

‘குருவி’ என்று செல்லமாகப் பெயர் வைத்திருக்கிறோம். சிலோன் சாமான் என்று ஊரே ஆசைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று அதே சாமான் நம் கடையிலேயே கிடைக்கிறது. இன்றைக்குப் பறக்கிற குருவி சோப்பும் சேலையும் கொண்டுவருவதில்லை, தங்கத்தைக் கொண்டுவருகிறது.

இதில் நம் கையும் சுத்தமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2020ல் இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. அங்கே விலை ஏற ஏற, நம் கடற்கரையில் படகில் ஏற்ற வைத்திருந்த மஞ்சள் மூட்டைகள் பிடிபட்டுக்கொண்டே இருந்தன. பீடி இலையும் அப்படித்தான். அந்த மூட்டைகள் கடலில் விளைந்தவை அல்ல. ஏதோ ஒரு மொத்தக் கடையில் பில் போடாமல் எடை போடப்பட்டவை. கைதானது படகு ஓட்டியவர். எடை போட்டவர் யார் என்று நம் கூட்டத்தில் ஒரு நாளும் பேச்சு வரவில்லை.

2022ல் இலங்கை கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால் பவுடரும் மருந்தும் கப்பலில் போயின. நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு வியாபாரி அதை நினைவு வைத்துக்கொண்டு எங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அதே மனிதர், மாதிரிக்கு நாங்கள் கொண்டுபோன குண்டு மிளகாயைக் கிள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “பில்லோட வருமா?” என்பது. எங்களுக்குச் சுருக்கென்றது.

வரும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். மிளகாய்க்கும் கருப்பட்டிக்கும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக முறைப்படி அனுப்ப, முதலில் ஏற்றுமதி உரிம எண் எடுக்க வேண்டும். தனித்தனியே எடுப்பதா, நாலைந்து கடை சேர்ந்து எடுப்பதா என்பதை அடுத்த மாதக் கூட்டத்தில் பேசுவோம். வருகிறவர்கள் ஜிஎஸ்டி சான்றும் பாங்குக் கணக்கு நகலும் கொண்டு வாருங்கள். பார்சல் கொடுத்துவிட நினைப்பவர்கள் எங்களிடம் வர வேண்டாம்.