வாயின் கூரை, மூக்கின் தரை



பிள்ளை வாயைத் திறந்துகொண்டே தூங்கினால், "வாயை மூடுடா" என்று அதட்டுவது நம் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் வழக்கம். மூக்கில் காற்று போக வழியில்லாத பிள்ளை வாயை மூடி என்ன செய்யும்? பல் டாக்டரிடம் போனால், "மேல்தாடை குறுகலாக இருக்கிறது, அகலப்படுத்தலாம்" என்கிறார். மூச்சு விடுவதற்குத் தாடையை ஏன் தொடவேண்டும் என்று தாய்மார்கள் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான்.

நம் மாடிவீடுகளில் கீழ்த்தளத்தின் கூரைதான் மேல்தளத்தின் தரை. அண்ணமும் அப்படியே. வாய்க்குக் கூரை, மூக்குக்குத் தரை. அதை விரித்தால் மூக்கின் உட்புறமும் அகலமாகும். அதன் நடுவே ஓடும் எலும்பு இணைப்பு சிறுவயதில் முழுதாக இறுகியிருக்காது. அதை விரிக்க, கடைவாய்ப் பற்களைப் பிடிமானமாக வைத்து, நடுவில் ஒரு திருகு பொருத்துவார்கள். சாவியால் ஒருமுறை திருப்பினால் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் விரியும். தினமும் அதைத் திருப்புவது பெரும்பாலும் அம்மாதான். சில நாட்களில் முன்பற்களுக்கு நடுவே சந்து விழும். பதறவேண்டாம், எலும்பு விலகுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். சந்து தானாகவே மெல்லக் கூடிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் திருப்புவது முடிந்தாலும், நடுவில் புது எலும்பு ஊறும்வரை சில மாதங்கள் கருவி வாயிலேயே இருக்கவேண்டும். அவசரப்பட்டுக் கழற்றச் சொல்லாதீர்கள்.

1860-லேயே சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் ஒரு சிறுமிக்கு இதைச் செய்து எழுதினார். அன்றைய மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. நூறு ஆண்டு கழித்து, 1961-ல், ஆண்ட்ரூ ஹாஸ் என்ற பல்சீரமைப்பு மருத்துவர் இதற்கு மறுவாழ்வு தந்தார். தாடை விரியும்போது மூக்கின் உட்புறமும் அகலமாவதை அவர் பதிவு செய்தார்.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பலன் கிடைப்பதில்லை. மூக்கின் தரையை ஒட்டிய முன்பகுதிதான் அதிகம் விரியும். மேலே போகப் போகக் குறையும். மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கியிருந்தாலோ, ஒவ்வாமையால் மூக்கு அடைத்திருந்தாலோ, மூக்கின் நடுத்தண்டு வளைந்திருந்தாலோ திருகு மட்டும் அதைத் தீர்க்காது. தாடை குறுகாத பிள்ளைக்கு மூச்சுக்காக மட்டும் இதைச் செய்வது சரியல்ல என்பதே என் எண்ணம்.

அதனால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பற்களைக் கடித்து மூடும்போது மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழுகின்றனவா என்றும் பாருங்கள். அது குறுகிய தாடையின் அடையாளம். வளர்ச்சி முடிவதற்குள் போவது நல்லது. பெரியவர்களானபின் எலும்பு இறுகிவிடுவதால், எலும்பிலேயே திருகாணி பதித்தோ அறுவை செய்தோதான் விரிக்கவேண்டியிருக்கும். புதுக்கோட்டையில் 2023-ல் திறந்த அரசு பல் மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கம்தான், அங்கே விசாரிக்கலாம். போகும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அடைப்பு எங்கே இருக்கிறது? தாடை உண்மையிலேயே குறுகலா?

அன்புடன்,
ஆசிரியர்