லேபிளும் நம் சரக்குதான்



2025 செப்டம்பர் 22-ந் தேதி ஜி.எஸ்.டி. விகிதம் மாறியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நெய்க்கு 12 சதவிகிதம் 5 ஆயிற்று. சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவை 18-லிருந்து 5-க்கு வந்தன. கடைக்குக் கடை புது விலைப்பட்டியல் தேவைப்பட்டது. அன்று நவராத்திரி ஆரம்பம், அடுத்த மாதம் தீபாவளி. அந்த நேரம் பார்த்து, நான் வழக்கமாக நோட்டீஸ் அடிக்கும் அச்சகத்தில் பழைய கம்ப்யூட்டரை மாற்றி, டிசைன் செய்யும் சாப்ட்வேரையும் புதுப் பதிப்புக்கு ஏற்றிவிட்டார்கள்.

தவளக்குப்பத்தில் மளிகைக் கடையோடு மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி, சத்துமாவு என்று நாலைந்து பொருள் நானே பாக்கெட் போட்டு விற்கிறேன். அதற்கான லேபிள் பல வருஷத்துக்கு முன் அதே அச்சகத்தில் செய்தது. விலையை மட்டும் மாற்றி ஆயிரம் அடித்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாலையில் போன் வந்தது. “அண்ணே, தமிழெல்லாம் இங்கிலீஷாப் போச்சு” என்றான் அங்கே வேலை பார்க்கும் பையன். போய்ப் பார்த்தால் ‘மிளகாய்’ இருந்த இடத்தில் கே, பி, எஸ், எஃப், எச், ஏ என்று எழுத்துகள், கடைசியில் ஓர் அரைப்புள்ளி.

வைரஸ் என்றுதான் முதலில் நினைத்தேன். விஷயம் அதுவல்ல. அந்த லேபிள் பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தை வைத்தவை. டப்பாவின் மேல் ‘கே’ என்று சீட்டு ஒட்டி உள்ளே ‘ம’ வைத்திருப்பது போல. கடைக்காரருக்கு அது தெரியும், புதிதாக வேலைக்கு வந்தவனுக்குத் தெரியாது. பழைய கம்ப்யூட்டரில் இருந்த பாமினியைப் புதியதில் ஏற்றவில்லை. சாப்ட்வேர் சீட்டை மட்டும் படித்துவிட்டு ‘கே’ என்று காட்டிற்று. எழுத்துருவைத் தேடி எடுத்து ஏற்றியதும் மிளகாய் மிளகாயாகவே வந்துவிட்டது. அரை மணி நேர வேலை.

பையனுக்கு அதோடு விட மனமில்லை. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் இனிமேல் தொல்லை இல்லை என்றான். அவன் சொன்னது சரிதான். தமிழக அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டுவிட்டது. அதில் ‘ம’ என்றால் எந்தக் கம்ப்யூட்டருக்கும் ‘ம’ தான். ஆனால் மாற்றிப் பார்த்தபோது ‘வெந்தயம்’ என்ற சொல்லில் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. ‘கொத்தமல்லி’யில் கொம்பும் காலும் ஆளுக்கொரு திசையில் பிரிந்து, நடுவே புள்ளி வட்டம் வேறு. பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பிறகு தட்டினார்கள். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. அதைக் கண்ணுக்குச் சரியாக அடுக்கிக் காட்டுவது சாப்ட்வேரின் பொறுப்பு. அதற்கான அமைப்பு திறந்திருக்க வேண்டும். அடோபி நிறுவனத்தின் இன்டிசைனில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்று அதற்குப் பெயர். அதைத் தேர்ந்தெடுக்காமல் சாதாரண முறையில் விட்டால் தமிழ் இப்படித்தான் உடையும். போட்டோஷாப்பிலும் இதற்கென்று தனித் தேர்வு உண்டு. இது தெரியாமல் கொம்பை மவுஸால் இழுத்து இழுத்து இடம் மாற்றிக்கொண்டிருக்கும் பையன்கள் எத்தனை பேரோ!

இவை இரண்டும் கண்ணில் படும் கோளாறு. மூன்றாவது கண்ணில் படவில்லை, பணம் கேட்டது அதுதான். நம் ரூபாய்ச் சின்னத்தை மத்திய அரசு 2010 ஜூலை 15-ல் ஏற்றது. யூனிகோடில் அதற்கு இடம் கிடைத்தது அக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் அவசரத்துக்கு வந்த எழுத்துரு, விசைப்பலகையில் எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் சாய்ந்த சிறு கோட்டின் இடத்தில் சின்னத்தை வைத்தது. பல அச்சகங்கள் அதையே பிடித்துக்கொண்டன. என் விலைப்பட்டியலும் அப்படி அடித்ததுதான். புதுக் கம்ப்யூட்டரில் ரூபாய் எல்லாம் சின்னக் கோடாகிவிட்டது. தமிழைச் சரிபார்க்கிற பரபரப்பில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாயிரம் நோட்டீஸ் அடித்து, பாதி வீடு வீடாகப் போட்டபின் ஓர் அம்மா கடைக்கு வந்து, “என்ன முதலாளி, விலைக்கு முன்னாடி எல்லாம் கொசு உட்கார்ந்திருக்கு?” என்று கேட்டார்கள். மீதியைப் பொட்டலம் மடிக்கப் பயன்படுத்தினேன்.

நோட்டீஸ் போனால் போகிறது. லேபிள் அப்படியல்ல. உடைந்த எழுத்துகளை மறுபடி அடிக்கும்போது 200 கிராம் என்பது ஓரிடத்தில் 20 கிராம் ஆகியிருந்தது. அச்சுக்குப் போகுமுன் என் மனைவி பார்த்துச் சொன்னதால் தப்பித்தேன். நிகர எடையோ விலையோ தவறாக அச்சாகியிருந்தால் எடையளவுத் துறை பாக்கெட் போட்டவரைத்தான் கேட்கும். அச்சகத்தார் பில்லை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

இதைச் சொன்னபோது நம் உறுப்பினர் ஒருவர், “அதனால்தான் பழைய கம்ப்யூட்டரை மாற்றாத அச்சகமாகப் பார்த்துப் போகிறேன்” என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அதில் செய்த கோப்புகளை இன்டிசைனின் சி.எஸ். 6 பதிப்பு வரைதான் நேரே திறக்க முடியும், அதற்குப் பிந்தியவை திறப்பதில்லை. ‘டைப் 1’ என்ற பழைய வகை எழுத்துருக்களை அடோபி 2023 ஜனவரியோடு கைவிட்டுவிட்டது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. மாற்றாமல் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் ஒருநாள் படுத்துவிட்டால் உள்ளே இருக்கும் லேபிளும் சேர்ந்து படுக்கும். மாற்றத்தான் வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரத்தில் மாற்றக் கூடாது, பழைய பதிப்பை இரண்டு மாதமாவது அழிக்காமல் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் வாதம்.

குற்றம் முழுவதும் அச்சகத்தார் மேல் என்றும் நான் சொல்லமாட்டேன். காசு கொடுத்துச் செய்த லேபிளின் ஒரு பிரதிகூட இத்தனை வருஷமாக என்னிடம் இல்லை. கடன் நோட்டைப் பூட்டி வைக்கிற நாம், கடையின் பெயரும் முகமுமாக இருக்கிற லேபிளை எவருடைய கம்ப்யூட்டரிலோ விட்டுவிட்டு வருகிறோம். அந்த அச்சகம் நாளைக்குக் கடையைக் கட்டினால் யாரிடம் போய் நிற்பது?

இப்போது கல்லாப்பெட்டியில் ஒரு பென் டிரைவ் போட்டு வைத்திருக்கிறேன். அதில் ஒவ்வொரு லேபிளுக்கும் இரண்டு பிரதி. ஒன்று, திருத்தக்கூடியது, அதற்கான எழுத்துருக் கோப்போடு. மற்றது எழுத்தையெல்லாம் ‘கர்வ்’ ஆக்கியது. அப்படிச் செய்தால் எழுத்து படமாகிவிடும், எந்தக் கம்ப்யூட்டரிலும் உடையாது, ஆனால் அதில் ஒரு காற்புள்ளிகூட மாற்ற முடியாது. அதனால்தான் இரண்டும் வேண்டும். கோரல்டிரா கோப்பாக இருந்தால் சேமிக்கும்போதே பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்து இன்னொரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதுப் பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு வைத்திருக்கும் அச்சகத்தில் திறக்க முடியாது. கூடவே வாசகம் முழுவதும், எடை, விலை, உரிம எண் உட்பட, யூனிகோடில் தட்டி ஒரு தாளில் எடுத்து வைத்திருக்கிறேன். புரூப் வந்ததும் அந்தத் தாளை என் மனைவி வாசிப்பார், நான் புரூபில் பார்ப்பேன். எண்களை மட்டும் இரண்டு முறை.

சங்கத்துக்கு ஒரு யோசனை. நம் உறுப்பினர்களில் சொந்தமாகப் பாக்கெட் போடுபவர்கள் பலர் இருக்கிறோம். மாதக் கூட்டத்துக்கு அவரவர் லேபிளைக் கொண்டுவந்தால், எது பழைய எழுத்துருவில் இருக்கிறது என்று பார்த்து, விவரம் தெரிந்த ஒரு டி.டி.பி. ஆளைக் கொண்டு எல்லோருக்கும் ஒரே நாளில் மாற்றிவிடலாம். செலவைப் பங்கு போட்டுக்கொள்வோம். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள், அப்போது கூட்டம் இருக்காது.