கவிழ்த்து வைத்த கைப்பேசி

சென்ற மாதம் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கைப்பேசி எப்படி யோசிக்கும் பழக்கத்தைக் கெடுக்கிறது என்று மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் பேசினேன், சால்வை போட்டார்கள். முடிந்ததும் திரையில் ஒரு கியூஆர் கட்டம் விழுந்தது. அதைப் போனில் பிடித்துப் பின்னூட்டம் நிரப்பினால்தான் வருகைப் பதிவு. சான்றிதழ் வாட்ஸ்அப்பில் வரும். அரங்கம் முழுக்கப் போன்கள் எழுந்தன. முன்வரிசைப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயைத் திறக்கவில்லை நான்.

நம் அறிவுரையின் லட்சணம் இதுதான். 2020இல் பள்ளிகள் மூடியபோது, கடன்பட்டாவது பிள்ளைக்குப் போன் வாங்கித் தர வேண்டிய நிலைக்குப் பெற்றோரைத் தள்ளினோம். பள்ளி திறந்தும் வீட்டுப்பாடம் வகுப்புக் குழுவிலேயே வருகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு அசைன்மென்ட்டுகளில் பிழையே இல்லை. தோழி ஒருவர் கல்லூரி ஆசிரியை. ஒரு பையனிடம் அவன் கட்டுரையிலிருந்தே ஒரு சொல்லைக் காட்டி அர்த்தம் கேட்டிருக்கிறார். "அது தானா வந்துச்சு மேடம்" என்றானாம். பாவம், பொய் சொல்லவில்லை. ஒரு வரி எழுதி, சரியில்லை என்று அடித்து, பேனாவைக் கடித்தபடி ஜன்னலைப் பார்க்கும் பத்து நிமிடம் அவனுக்கு வாய்க்கவே இல்லை.

2014இல் அமெரிக்காவில் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் விரிவுரையைச் சொல்லுக்குச் சொல் தட்டுவதைக் கண்டு, அடுத்த முறை 'அப்படியே தட்டாதீர்கள், உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்' என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார்கள். அப்போதும் அப்படியேதான் தட்டினார்கள். 2017இல் ஏட்ரியன் வார்டு குழுவினரின் ஆய்வில், போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தவர்களைவிட, வேறு அறையில் விட்டுவிட்டு வந்தவர்கள் கொடுத்த சோதனைகளை நன்றாகச் செய்தார்கள். இத்தனைக்கும் போன் ஒலிக்கவில்லை. அதை நினைக்கவும் இல்லை என்றே பலர் சொன்னார்கள். இவற்றைத் திரும்பச் செய்து பார்த்த சிலருக்கு அதே விளைவு கிடைக்கவில்லை, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் வாயால் சொல்வது வேலைக்காகாது, பொருளை இடம் மாற்றிப் பார்க்கலாம் என்பது வகுப்பெடுத்த எவருக்கும் தெரியும்.

கவுன்சலிங் என்றால் நம்மூரில் பொறியியல் சேர்க்கைதான் நினைவுக்கு வரும். மாணவனுக்கு வழிகாட்டும் கவுன்சலிங்கைக் கருத்தரங்காக்கி மேடையேற்றிவிட்டோம். அந்த மேடை வேண்டாம். ஆசிரியர் தன் போனை முதலில் பீரோவில் வைத்துப் பூட்டட்டும், பிறகு மாணவனுடையதை. ஒரு வெள்ளைத்தாள், ஒரு கேள்வி, பக்கத்தில் நாற்காலி போட்டு ஆசிரியர். அரை மணி நேரம் அவன் திணறட்டும். குறுக்கே பேசாமல் இருப்பதுதான் ஆசிரியருக்குக் கஷ்டம். அதன்பிறகு அதே கேள்வியை இயந்திரத்திடம் கேட்டு, அது எங்கே சறுக்கியிருக்கிறது என்று அவனே தேடட்டும். போனில் அனுப்பும் சுற்றறிக்கைகளை மறுபடி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். செலவு ஆணியும் பசையும்தான்.

எங்கள் பங்குக்கு, அடுத்த இதழில் நான்கு பக்கம் மாணவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். போன் வேறு அறையில் இருக்க, படித்த ஒரு புத்தகத்தைப் பற்றி ஒரு பக்கம் கையால் எழுதித் தபாலில் அனுப்புங்கள். அடித்தல் திருத்தல் இருக்கட்டும், படி எடுக்க வேண்டாம். அந்தத் தாளை அப்படியே அச்சிடுவோம்.