லேடீஸ் ஓட்டுன வண்டி

அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகன் போன மாதம் ஒரு காரின் படத்தை அனுப்பினான். 1986ஆம் வருடத்து பான்டியாக் ஃபியரோ. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் உடம்பு. எஞ்சின் முன்னால் இல்லை. இருக்கைக்குப் பின்னால், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதுதான் அதன் பெருமையாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1984 முதல் 1988 வரையான மாடல்களில் ஏறக்குறைய 3.7 லட்சம் ஃபியரோக்களைச் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டது. படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: "அக்கா, ஒரே ஓனர். லேடி. 22,000 மைல்தான் ஓடியிருக்கு. விடவே கூடாது."

எனக்குக் கணக்குப் போடும் வியாதி உண்டு. 22,000 மைலை நாற்பது வருடத்துக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஒன்றரை மைல். பால் வாங்கப் போய்த் திரும்புகிற தூரம்.

தினமும் வேலைக்குப் போய்வர ஒரு சிக்கனமான கார் என்று சொல்லித்தான் அதைச் செய்ய நிர்வாகத்திடம் அனுமதியே வாங்கினார்கள். அந்தக் காரை ஒரு பெண் வாங்கி நாற்பது வருடம் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறார். ஏன்? 1984 மாடல்களில் சில தீப்பிடித்தன, நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. அந்தப் பயமாக இருக்கலாம். உடம்புக்கு முடியாமல் போயிருக்கலாம். சாவி வேறு யார் பையிலாவது இருந்திருக்கலாம். விளம்பரத்தில் அதெல்லாம் இல்லை. அவர் எங்கேயும் போகவில்லை என்பது மட்டும் விலையில் ஏறியிருக்கிறது.

அமெரிக்கப் பழைய கார் வியாபாரிகளிடம் இது நெடுநாள் கேலி. பாசடீனா ஊர்ப் பாட்டி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் ஓட்டிய கார் என்று சொல்லித் தலையில் கட்டுவார்களாம். 1964இல் ஜான் அண்ட் டீன் என்ற இருவர் அதே பாட்டியை ரேஸ் ஓட்டுபவளாக்கிப் பாட்டுப் போட்டார்கள். நாடே கேட்டது. ஒரு கிழவி வேகமாகப் போகிறாள் என்பதே அவர்களுக்குப் போதுமான நகைச்சுவை.

நம்ம பக்கம் ஃபியரோ என்றால் 2000இல் வந்த டிவிஎஸ் சுசுகி பைக்தான். இடது பக்கம் ஸ்டியரிங் வைத்த பழைய காரை இறக்குமதி செய்ய நம் விதிகள் விடாது. ஆனால் அந்த விளம்பர வாசகம் எப்போதோ கப்பலேறி வந்துவிட்டது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, எங்கள் வன்னியம்பட்டி விலக்கில் நின்று பழைய வண்டித் தரகர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். டாக்டர் வண்டி என்பார்: நேரத்துக்குச் சர்வீஸ் விட்டது என்று பொருள். வாத்தியார் வண்டி என்பார்: மெதுவாக ஓட்டியது. லேடீஸ் வண்டி என்பார். அதற்கு ஒரே பொருள்தான், வீட்டில் நின்றது. "கை படாத வண்டி", "புதுப்பொண்ணு மாதிரி இருக்கு" என்று அடுத்து வரும் சொற்களைப் பெண் பார்க்க வருகிறவர்களிடமும் கேட்டிருக்கிறேன். மறுமணம் செய்துகொண்ட என் தோழியைச் 'செகண்ட் ஹேண்ட்' என்று அவள் காதுபடவே சொன்னவர்களும் உண்டு. யார் யாரிடமிருந்து கடன் வாங்கினார்கள் என்று தெரியவில்லை.

குறைவாக ஓடிய இயந்திரத்துக்கு மதிப்பு அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு பெண்ணின் பெயர் அதற்கு உத்தரவாதச் சீட்டாக இருப்பதுதான் என் சண்டை. பெண்கள் பொறுமையாக ஓட்டுவார்கள், அதனால்தான் அந்த மதிப்பு என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் முதல் ஸ்கூட்டியை 2008இல் வாங்கினேன். ராஜபாளையத்தில் தனியார் பள்ளிச் சம்பளம், மாதத் தவணை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மில் வேனில் ஏறி மில் வேனில் இறங்கிய காலம். நினைத்த நேரத்தில் நினைத்த கடையில் நின்று டீ குடிக்க எனக்கு மட்டும் ஒரு வண்டி இருந்தது. பதினான்கு மாதத்தில் 6,200 கி.மீ. பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டேன். வண்டியும் கூட வந்தது. "கடை வாசல்லயே இருக்கு, வண்டி எதுக்கு?" என்றார் அத்தை. "புள்ளத்தாச்சி ஓட்டக் கூடாது." பிறகு கைப்பிள்ளைக்காரி ஓட்டக் கூடாது. யாரும் கத்தவில்லை, அடிக்கவில்லை. சாவி மட்டும் ஆணியிலிருந்து அவர் சட்டைப் பைக்குப் போயிற்று. அடுத்த மூன்று வருடத்தில் வண்டி ஓடியது 212 கி.மீ. அதிலும் பாதி கொழுந்தன் ஓட்டியது.

அந்த ஊரில் ஆண்டாளின் பெரிய தேர் ஆடிப்பூரத்தன்று ரத வீதிகளைச் சுற்றி நிலைக்கு வரும். ஆயிரம் கை வடம் பிடிக்கும். அது அசையும்போது எனக்கும் கண் கலங்கும். ஆனால் அந்த ஓட்டக் கணக்கு தெய்வத்துக்குச் சரி, எனக்குப் போதாது.

2013இல் வண்டியை விற்றார்கள். தரகர் வீட்டுக்கே வந்தார். மீட்டரைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் பல். "ஆறாயிரத்து நானூத்திப் பன்னெண்டா? லேடீஸ் வண்டின்னா இதுல்லா வண்டி!" படிவம் 29, படிவம் 30. வாங்குபவர் பெயர், தேதி, எல்லா இடமும் காலி. "வாங்குறவர் பேரு?" என்றேன். "அதெல்லாம் அண்ணாச்சி பாத்துக்கிடுவாரு, நீ போடு" என்று அவர் விரலால் இடம் காட்டினார். போட்டேன். பணம் எவ்வளவு என்று கூட எனக்குப் பிறகுதான் தெரியும்.

2017இல் வெளியூர் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. விபத்து இழப்பீட்டு வழக்கு. என் ஸ்கூட்டி ஒரு பெரியவரின் காலை ஒடித்திருந்தது. எத்தனை கை மாறியதோ, ஆர்சி புத்தகத்தில் மட்டும் பெயர் மாறவே இல்லை. இன்சூரன்ஸும் இல்லை. இதே போன்ற வேறொரு வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வண்டி விற்கப்பட்டிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு. பெரியவருக்குச் சேர வேண்டிய பணம் அது, அதில் எனக்கு வருத்தமில்லை. என் சங்கிலி போயிற்று. ஓட்ட நினைத்தபோது அது என் வண்டியில்லை. இடித்தபோது அது என் வண்டி.

ஆகவே இதைப் படிக்கும் தங்கச்சிகளுக்கு: காலிப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், கேட்பது கட்டினவராக இருந்தாலும். வாங்குபவரின் பெயரும் தேதியும் எழுதிய பிறகு போடுங்கள். நகல் எடுத்து வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வேலையைத் தரகரிடம் விடாதீர்கள்.

பெண் பெயரில் வண்டி இருப்பதை நாம் பெரிய வெற்றியாகக் கொண்டாடிப் பழகிவிட்டோம். 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு 25,000 ரூபாய் வரை மானியத்தில் ஸ்கூட்டர் கொடுத்தது. நல்ல திட்டம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை பெண்கள் பெயரில் கொடுத்தோம் என்பதுதான் மேடையில் கேட்டது. மீட்டரை யார் ஓட்டினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கப் பெண்கள் சைக்கிள் பழகியபோது யாருக்கும் பத்திரம் எழுதித் தரவில்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆம்பளை சைக்கிளையே எடுத்தார்கள், குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்து மிதித்தார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபோதும் அப்படித்தான். 'ஓசி' என்று கேலி பேசியவர்கள் பேசட்டும். சாவி கேட்க வேண்டாத வண்டி அது. என் அத்தையே இப்போது அதில் ராஜபாளையம் போய் வருகிறார். எதற்கு என்று நான் கேட்பதில்லை.

வழக்கு முடிந்த வருடம் இன்னொரு ஸ்கூட்டர் வாங்கினேன். சாவி என் பையில். போன வாரம் மாற்றலாமா என்று விலக்குக்குக் கொண்டுபோனேன். அதே தரகர், தலை நரைத்திருந்தது. வண்டியைச் சுற்றி வந்தார். நேரத்துக்குச் சர்வீஸ் விட்டது, கீறல் இல்லை, ஒரே கை, பொறுமையாக ஓட்டிய கை. பிறகு குனிந்து மீட்டரைப் பார்த்தார். 61,340.

"நாங்க மட்டுந்தான் ஓட்டுனேன், அண்ணாச்சி. லேடீஸ் வண்டி."

"அப்படிச் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான், தாயி" என்றார். "வாத்தியார் வண்டின்னு சொல்லிக்கிடுதேன்."