காசு கொடுத்து வாங்கும் வில்லங்கம்

அமெரிக்காவில் காடு என்றாலே சர்க்கார் சொத்து என்று நினைக்கிறோம். ஹாலிவுட் உபயம். நிஜத்தில் அங்கே பாதிக்கு மேல் காடு தனியாருக்குச் சொந்தம். அதிலும் கம்பெனிகளைவிடக் குடும்பங்களிடம்தான் அதிகம். தாத்தா வாங்கிப் போட்ட நாற்பது ஏக்கர், கொஞ்சம் மேப்பிள், ஒரு ஓடை, இரண்டு மான் என்கிற மாதிரி.

இந்தக் கதையில் வில்லன் ரம்பம் இல்லை. வெட்டின இடத்தில் மரம் மறுபடி வரும். நிஜ வில்லன் பாகப்பிரிவினை. தாத்தா மண்டையைப் போட்டதும் பேரன்கள் நாலு பேர் ஆளுக்கொரு ஊரிலிருந்து வருகிறார்கள். 'மரத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? வித்துடலாம்ப்பா!' அப்புறம் புரோக்கர், மனை, ரோடு, கார் ஷெட். கார் ஷெட் முளைத்த இடத்தில் மேப்பிள் முளைக்காது.

இதற்காக 1990ல் அமெரிக்க அரசு கொண்டுவந்த திட்டம், 'ஃபாரஸ்ட் லெகஸி'. பெரும்பாலும் நிலத்தையே வாங்குவதில்லை. 'நிலம் உங்களுடையதுதான் ஸார். விதிப்படி மரம் வெட்டி விற்றுக்கொள்ளுங்கள். மனை போடும் உரிமையை மட்டும் எங்களுக்கு விற்றுவிடுங்கள்' என்கிறது. இஷ்டமிருந்தால் விற்கலாம், கட்டாயமில்லை. விற்றால் அது பத்திரத்தில் ஏறிவிடும். நிலம் எத்தனை கை மாறினாலும் கூடவே போகும்.

நம் பாஷையில் சொன்னால், வில்லங்கம். ஊரெல்லாம் வில்லங்கம் இல்லாத நிலமாகத் தேட, இங்கே சர்க்கார் காசு கொடுத்து வில்லங்கம் வைக்கிறது!

செலவில் முக்கால் பங்கு வரை மத்திய அரசு தரும். மீதியை மாநில அரசோ, தர்ம ஸ்தாபனமோ தேற்ற வேண்டும். பணம் வரும் நிதிக்கு மூலதனம், கடலில் எண்ணெய் எடுக்கும் கம்பெனிகள் கட்டும் தொகை. அந்த நிதிக்கு வருஷம் 90 கோடி டாலர் நிரந்தரம் என்று 2020ல் சட்டமே போட்டார்கள். இதுவரை 25 லட்சம் ஏக்கருக்கு மேல் தப்பித்திருக்கிறது.

'செத்துப்போன தாத்தா எதிர்காலப் பேரனின் கையைக் கட்டலாமா?' என்று ஒரு கேள்வி உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் காட்டை அழித்து மனை போட்டாலும் அதே பேரனின் கை கட்டப்படுகிறது. மனசு மாறி மறுபடி காடு வேண்டுமென்றால், அதை விற்க எந்தப் புரோக்கரும் வரமாட்டார்.